கொட்சில்லா உறுமினால் தகரம் அதிர வேண்டும்: மட்டக்களப்பில் ஒரு சவுண்ட் செட் வாடகை

சவுண்ட் செட் எடுக்கிறவர்கள் கலியாணத்துக்கு எடுப்பார்கள், சாமத்திய வீட்டுக்கு எடுப்பார்கள், கோயில் சடங்குக்கு எடுப்பார்கள். அதனால் மட்டக்களப்பு நகருக்குள் இருக்கும் அந்தக் கடையில் போய் நின்றதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "என்ன விசேஷம்?" என்பதுதான். "ட்ரெய்லர் பாக்க" என்றேன். "படமா?" என்றார். "படம் கடைசியிலதான் அண்ணன், முதல்ல ட்ரெய்லர்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, காசு வந்தால் சரி என்ற முகத்தோடு பில் புத்தகத்தை இழுத்து, விசேஷம் என்ற இடத்தில் 'பார்ட்டி' என்று எழுதினார்.

விஷயம் இதுதான். கல்லடியில் அக்காவின் மகன் இருக்கிறான், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். அவனும் அவனுடைய கூட்டாளிகளும் கொட்சில்லா, கொங் என்ற சினிமா இராட்சத மிருகங்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற சாதி. ரஜினி, விஜய் பட ட்ரெய்லர் வந்தால் ஊரே சேர்ந்து கத்தும். இவர்களுடைய ட்ரெய்லருக்கு இவர்கள் மட்டும்தான் கத்துகிறார்கள், அதுவும் ஒரு போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு. கொட்சில்லா ஏன் இளஞ்சிவப்பு நிறமாக மாறியது, கொங்கின் கையில் அந்த இரும்புக் கையுறை எதற்கு என்று மணிக்கணக்கில் வாக்குவாதம். நான் ஒருநாள் சொன்னேன்: "இத போன்ல பாத்துப்போட்டுச் சண்டை பிடிக்கிறதில அர்த்தமில்ல. நீங்க இன்னும் அந்தச் சத்தத்தையே கேக்கல்ல." வாயைக் கொடுத்த பிறகு பையையும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

சொன்னதில் நியாயம் இருக்கிறது. இராட்சத மிருகம் பெரியது என்று கண்ணுக்குக் காட்டுவது சுலபம், காலடியில் ஒரு ஊரை வைத்தால் போதும். அது பாரமானது என்று நம்பவைப்பதற்குச் சத்தம் வேண்டும். இந்தப் படங்களில் காலடி விழும் ஓசையும் உறுமலின் அடிப்பகுதியும் 40 ஹேர்ட்ஸ், 30 ஹேர்ட்ஸ் என்ற ஆழத்தில் கிடக்கின்றன. 40 ஹேர்ட்ஸ் ஒலி அலை ஒன்றின் நீளம் எட்டரை மீற்றர். விரல்நகம் அளவு ஸ்பீக்கர் உள்ள போன் அதை எப்படித் தரும்? தராது. போனில் நாம் கேட்பது உறுமலின் மேல்தோல் மட்டும். 18 அங்குல பேஸ் பெட்டி ஒன்று இருந்தால்தான் அதன் வயிறு கேட்கும்.

ஆகவே எடுத்த சாமான்கள்: அந்த 18 அங்குல பேஸ் ஒன்று, மற்ற ஓசைகளுக்கு டொப் ஸ்பீக்கர் இரண்டு, ஒரு சின்ன மிக்சர், புரொஜெக்டர், திரை, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி. வாடகை 12,000 ரூபா, பாதி முன்பணம், அடையாள அட்டையின் போட்டோப் பிரதி. ஐந்து மணிக்கு வருவோம் என்றார்கள். சாமான் ஏற்றிய பட்டா என்ற சின்ன லொறி மதிலடியில் வந்து நின்றபோது ஆறேகால். எங்கள் பக்கம் இது தாமதத்தில் சேர்த்தியில்லை, என்றாலும் பொடியன்கள் நாலரைக்கே வந்து கதிரைகளை அடுக்கிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற கோலத்தை அந்த முதலாளி பார்த்திருக்க வேண்டும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், அது புரொஜெக்டர். பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, எழுதியிருந்தது. இந்த விலை குறைந்த எல்.ஈ.டி. புரொஜெக்டர்களில் அந்த எண்ணை நம்பி ஒன்றும் ஆகாது. 'ஆன்சி லூமன்' என்று தனியாகப் போட்டிருந்தால்தான் கணக்கு, அது இதில் இல்லை. '1080 ஆதரவு' என்ற வார்த்தையும் அப்படித்தான், அந்த அளவு வீடியோவை வாங்கிக்கொள்ளும், தன்னுடைய சின்ன அளவுக்குச் சுருக்கித்தான் காட்டும். கலியாண வீட்டில் மணமக்கள் படம் காட்ட இது தாராளம். இராட்சத மிருகப் படங்கள் இருட்டிலும் மழையிலும் புகையிலும் எடுக்கப்படுபவை. கறுப்பு கறுப்பாகத் தெரியாவிட்டால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் திரையில் கறுப்பு, சாம்பலாகத் தெரிந்தது. ஆறரைக்குப் போட்டுப் பார்த்தபோது கொட்சில்லாவின் முதுகுச் செதில்கள் எது, மேகம் எது என்று தெரியவில்லை. நன்றாக இருட்டிய பிறகு பரவாயில்லை. திரையும் பழைய சதுர வாட்டுத் திரை, இந்தப் படங்களோ அகலமானவை, அதனால் மேலும் கீழும் வெறும் பட்டை, நடுவில்தான் படம். "கொங்குக்கு தலைக்கு மேல இடமிருக்கு, கைய விரிக்கத்தான் இடமில்ல" என்றான் ஒருவன்.

இனி சத்தம். அந்தத் தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். வந்தவுடன் பேஸ் பெட்டியைத் திரைக்குக் கீழே நடுவில் வைப்பான் என்று நினைத்தேன், எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். அவன் வளவைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கைதட்டிப் பார்த்தான். குசினிச் சுவரும் மதிலும் சேருகிற மூலையில் பெட்டியைத் தள்ளி வைத்தான். "வெட்டையில வச்சா பேஸ் கடலுக்குப் போயிரும் அண்ணன். மூலையில வச்சா ரெண்டு பக்கச் சுவரும் தள்ளித் தரும்." அது சரியான கணக்கு. திறந்த வெளியில் தாழ்ந்த ஒலி நாலாபக்கமும் சிதறிவிடும். சுவரும் நிலமும் சேரும் இடத்தில் வைத்தால் அதே பெட்டி கூடுதலாக வேலை செய்யும். பிறகு தன்னுடைய போனில் இருந்து ஒரு தாழ்ந்த ஓசையை ஓடவிட்டு, எங்கே எது அதிருகிறது என்று பார்த்தான். குசினிக் கூரைத் தகரம் ஒன்று நடுங்கியது. அக்கா ஓடிப்போய் அடுப்பில் இருந்த சட்டி மூடியைப் பிடித்தார். அந்தத் தகரத்தின் ஆணியை ஏணி வைத்து ஏறி இறுக்கிவிட்டு வந்துதான் மறுவேலை பார்த்தான். இது வாடகையில் சேர்ந்ததல்ல.

பொடியன்கள் ட்ரெய்லர்களை வருட வரிசையில் அடுக்கியிருந்தார்கள். முதலில் 2013 டிசம்பரில் வந்த, அடுத்த வருடம் கரத் எட்வர்ட்ஸ் இயக்கி வெளியான படத்தின் முன்னோட்டம். படையினர் விமானத்திலிருந்து குதிப்பார்கள், காலில் கட்டிய சிவப்புப் புகை வானத்தில் கோடு போட்டுக்கொண்டே இறங்கும். பின்னால் ஒரு கூட்டம் ஓலமிடுவது போன்ற குரலிசை. அது ருமேனியாவில் பிறந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி 1960களில் செய்த இரங்கல் இசை. மிருகம் கடைசியில்தான், அதுவும் புகைக்குள், அரையும் குறையுமாக. போனில் இதைப் பல தடவை பார்த்த பொடியன்கள் இது 'ஸ்லோ' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அன்றைக்கு வளவில் அந்தக் குரல்கள் இரண்டு டொப்பிலும் எழும்பி வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி உறுமலுக்குப் பக்கத்து வளவு நாய் முதலில் குரைத்தது, பிறகு ஊளையிட்டது, பிறகு எங்கேயோ போய்விட்டது. "திருப்பிப் போடுகா" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அந்த உறுமலுக்குப் பின்னால் எங்கள் தம்பிக்குப் பிடிக்கக்கூடிய கதை ஒன்று இருக்கிறது, சொன்னேன். 2014 படத்தின் ஒலிக்காரர்கள் உறுமலைச் செய்து முடித்த பிறகு, அதை வோர்னர் ஸ்டூடியோவின் வெளிப்புறத்தில் இசைக் கச்சேரிக்குப் பாவிக்கும் பெரிய ஸ்பீக்கர் அடுக்கில் போட்டு ஒலிக்கவிட்டு, தெருவில் அது எப்படி எதிரொலிக்கிறது என்று திரும்பவும் பதிவு செய்தார்கள். அதாவது ஹொலிவுட்காரரும் கடைசியில் நாங்கள் செய்ததைத்தான் செய்திருக்கிறார்கள், சவுண்ட் செட் பிடித்து வளவில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். தம்பிக்குப் பெரிய சந்தோசம். "அவங்கட செட்டுக்கு எத்தின பேஸ்?" என்று கேட்டான். 1954இல் ஜப்பானில் வந்த முதல் படத்தின் உறுமல் இதைவிட எளிமை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, கொன்ட்ரபாஸ் என்ற பெரிய நரம்பு வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் பூசிய தோல் கையுறையால் இழுத்து எடுத்த ஓசை அது. இன்றுவரை வருகிற ஒவ்வொரு உறுமலும் அதன் பேரப்பிள்ளைதான்.

2018 ஜூலையில் வந்த 'கிங் ஒஃப் த மொன்ஸ்டர்ஸ்' ட்ரெய்லருக்கு மருமகள் எழும்பி முன்வரிசைக்கு வந்தாள். இவ்வளவு நேரமும் அண்ணன்மார் கத்துவதைப் பொறுத்துக்கொண்டு மூலையில் இருந்தவள். அவள் மொத்ராவின் ஆள். மொத்ரா என்றால் இராட்சத அந்துப்பூச்சி, ஜப்பான்காரர் 1961இல் அதற்கென்றே ஒரு படம் எடுத்தார்கள். இந்த ட்ரெய்லரில் டெபுசியின் 'கிளேர் டி லூன்' என்ற நிலா வெளிச்சத்து இசையைப் போட்டிருக்கிறார்கள். ஊர் எரிகிறது, எரிமலைக்கு மேலே மூன்று தலைக் கிடோரா நிற்கிறது, பின்னணியிலோ தாலாட்டு மாதிரி ஒரு இசை. நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் மொத்ரா செட்டையை விரிக்கும் இடம் வந்தபோது, "மாமா, நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்றாள். நிறுத்தினோம். நரைத்த அந்தத் திரையிலும் அந்த நீலம் வந்தது, புரொஜெக்டருக்கு அதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் தரலாம். என்னைக் கேட்டால் அன்றைக்கு ஓடிய எல்லாவற்றிலும் ட்ரெய்லர் என்று சொல்லக்கூடியது அதுதான். படம் அந்த அளவுக்கு இல்லை என்பது வேறு கதை. கிட்டத்தட்ட இந்த ரசிகர் கூட்டம் முழுவதும், ட்ரெய்லரைக் கொண்டாடிவிட்டுப் படத்தில் ஏமாந்த அனுபவத்தால் வளர்ந்த கூட்டம்தான்.

அதற்குப் பிறகு வளவு இரண்டாகப் பிளந்தது. 2021 ஜனவரியில் கொரோனாக் காலத்தில் வந்த 'கொட்சில்லா வேர்சஸ் கொங்' ட்ரெய்லர். அப்போது உலகம் முழுக்க ரசிகர்கள் கொங் கட்சி, கொட்சில்லா கட்சி என்று பிரிந்து நின்றார்கள், எங்கள் பொடியன்கள் அப்போது சின்னப் பிள்ளைகள், அந்தப் பிரிவினை இன்னும் ஆறவில்லை. விமானந்தாங்கிக் கப்பலின் மேல் கொங் ஓங்கி ஒரு குத்து விடும் இடத்துக்கு கொங் கட்சிக்காரர் கதிரையில் ஏறி நின்றார்கள். ஒரு பிளாஸ்டிக் கதிரை கால் விரிந்து போயிற்று, அது அக்கா கணக்கு. மறுபக்கம், "கடலுக்குள்ள போனா ஒங்கட குரங்கு முடிஞ்சுது" என்று பதில். கொங் கட்சித் தலைவன் காத்தான்குடிப் பொடியன், மருமகனோடு டியூசனில் படித்தவன். "கேள் மச்சான், ஒங்கட ஆளுக்கு மூளையில்ல, வாயால நெருப்பு மட்டும்தான். எங்கட ஆள் கோடாலியே செஞ்சு வச்சிருக்கான்" என்றான். இயந்திரக் கொட்சில்லா இருப்பதற்கான தடயத்தை ரசிகர்கள் இந்த ட்ரெய்லரில் ஒவ்வொரு பிரேமாக நிறுத்தித் தேடினார்கள். எங்கள் பொடியன்களும் நிறுத்தினார்கள். இந்தப் புரொஜெக்டரில் நிறுத்தினால் தடயமும் தெரியவில்லை, கொட்சில்லாவும் தெரியவில்லை. சரி, விடு என்று ஓடவிட்டார்கள்.

2023 டிசம்பரில் வந்த 'நியூ எம்பயர்' ட்ரெய்லருக்குக் கிடைத்தது சிரிப்பு. கடைசியில் கொட்சில்லாவும் கொங்கும் தோளோடு தோள் சேர்ந்து ஓடிவருவார்கள். நூறு மீற்றர் உயரமுள்ள ஒரு சாமான் ஓடலாமா என்பது உலகம் முழுக்க ரசிகர்கள் அடித்துக்கொண்ட கேள்வி. போனில் பார்த்து இவர்கள் அதை 'மாஸ்' என்று சொல்லியிருந்தார்கள். பேஸ் பெட்டி பொய் சொல்லவில்லை. 2014 முன்னோட்டத்தில் ஒரு கால் எடுத்து வைத்தால் நெஞ்சில் இடித்தது, இதில் இத்தனை வேகமாக ஓடியும் ஒன்றும் இடிக்கவில்லை, மேலே ஒரு பாட்டு மட்டும் அதிர்ந்தது. "பாரமில்ல மாமா" என்று மருமகனே சொன்னான். கொட்சில்லா கட்சிக்காரன் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்தாறுமூலைப் பக்கம், ஒரு காலத்தில் வடமோடிக் கூத்தில் ராசா வேடம் கட்டியவர், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவரை முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஓடி வரும் கொட்சில்லாவைப் பார்த்துவிட்டு, "வரவு எங்க?" என்று கேட்டார். பொடியன்களுக்கு விளங்கவில்லை. கூத்தில் ராசா வந்தால் வந்தவுடன் சண்டை பிடிக்க மாட்டான். வரவுப் பாட்டு இருக்கும், தாளக்கட்டு இருக்கும், மத்தளம் உருட்டும், அவன் களரியைச் சுற்றி ஆடி, தான் ஆர் என்று காட்டி முடித்த பிறகுதான் கதை நகரும். "முதல்ல ஓடினதில" என்று அந்தச் சிவப்புப் புகையைச் சொன்னார், "அதில வரவு இருந்திச்சு. ஆளக் காட்டாம, ஆள் வாற பயத்தக் காட்டினான். இதில வந்தவன் போனவன் எல்லாரும் ஒரே ஓட்டம்." இரண்டு ட்ரெய்லருக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இந்த மனிசன் சோத்துக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முடித்துவிட்டார். அதே 2014 படம் வந்தபோது, இரண்டு மணி நேரத்தில் கொட்சில்லா பத்து நிமிடமளவுதான் வருகிறது என்று எத்தனை பேர் குறைப்பட்டார்கள்! பெரியப்பாவிடம் கேட்டால் அந்தப் பத்து நிமிடம் தாராளம் என்பார்.

அவருக்காகவே 1954 படத்தின் துண்டு ஒன்றையும் போட்டோம். கறுப்பு வெள்ளை. பொடியன்கள் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள், ரப்பர் உடுப்பு என்று. பெரியப்பா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "உள்ளுக்க ஆள் நிக்கான்" என்றார். நின்றான்தான். ஹருவோ நகஜிமா என்ற நடிகர். முதலில் செய்த உடுப்பு கிட்டத்தட்ட 100 கிலோ, அதற்குள் காற்றும் இல்லை, அடியெடுத்து வைப்பதே பாடு. அப்படி நடந்ததைக் கமெராவில் வேகம் கூட்டிப் பிடித்து, திரையில் மெதுவாக ஓடவிட்டார்கள், அதனால் அந்தப் பாரம் வந்தது. இதைச் சொன்னதும் பெரியப்பா தன்னுடைய கரப்புடுப்பையும் கிரீடத்தையும் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார், விடியவிடிய அதைக் கட்டிக்கொண்டு ஆடியதை, தோளில் காய்த்துப்போன இடத்தை. பொடியன்கள் கொட்சில்லாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சிரிக்க வந்தவன் ஒருவன், "அப்ப நீங்களும் கொட்சில்லாதான் பெரியப்பா" என்றான்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வாடகைக்கு நான் காசு கொடுத்ததற்கு உண்மையான பெறுமதி.

ட்ரெய்லர்களோடு சேர்த்துப் பொடியன்கள் 2014 படத்தில் இருந்து சில காட்சிகளையும் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று ஹவாய்க் கடற்கரை. கொட்சில்லா வருவதற்கு முன் கடல் பின்வாங்கும், ஒரு சின்னப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பிறகு தண்ணீர் தெருவுக்குள் வரும். பொடியன்களுக்கு இது 'செம சீன்'. அவர்கள் ஒருவரும் 2004 டிசம்பர் 26க்கு முன் பிறந்தவர்கள் இல்லை. வளவில் பின்வரிசையில் இருந்தவர்கள் பிறந்தவர்கள். நாவலடியில் வீடு வளவெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு, திராய்மடுவில் குடியேறிய மாமி ஒருவர் அக்காவோடு வந்திருந்தார். திரையில் கடல் பின்வாங்கத் தொடங்கியதும் மாமி எழும்பினார். "தேத்தண்ணி வைக்கப் போறன்" என்றார். தேத்தண்ணி கொஞ்ச நேரத்துக்கு முன்தான் எல்லோருக்கும் கொடுத்து முடிந்திருந்தது.

நான் எழும்ப முன்னமே சத்தம் குறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், மிக்சரில் இருந்த தம்பி பேஸின் பொத்தானை முழுக்க இறக்கி, டொப்பையும் பாதிக்குக் கொண்டுவந்திருந்தான். தண்ணீர் வரும் இரைச்சல், அதுதான் அந்தக் காட்சியில் மோசமானது, அது போய்விட்டது. படம் மட்டும் ஓடியது. ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. பொடியன் ஒருவன், "சவுண்டக் கூட்டுங்க அண்ணே" என்றான். "வயர் லூஸ், பொறு" என்று தம்பி சொல்லிவிட்டு, குனிந்து இல்லாத வயரைத் தேடினான். காட்சி முடிந்து அடுத்த ட்ரெய்லர் தொடங்கும்போது சத்தம் சரியாகத் திரும்பி வந்தது. பிறகு கதைத்தபோதுதான் தெரிந்தது, அவனும் கடற்கரைப் பக்கம்தான், கல்முனைக்கு அங்கால். மேற்கொண்டு அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சவுண்ட் செட்டுக்கு எத்தனை வாட்ஸ் என்று கேட்டு வாடகை பேசுகிறோம். ஆளைப் பற்றிக் கேட்பதில்லை.

கடைசியாகப் படம். பொடியன்கள் தெரிவு செய்தது 'கொட்சில்லா மைனஸ் வன்', தகாஷி யமசாகி எடுத்தது. ஜப்பானில் 2023 நவம்பர் 3 வெளியானது, முதல் கொட்சில்லா வந்த அதே நாள். 2024இல் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் வாங்கியது, கொட்சில்லா படம் ஒன்று ஒஸ்கார் வாங்கியது அதுதான் முதல் தடவை. முப்பத்தைந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழு இந்த விளைவுகளைச் செய்தது என்பதை ரசிகர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். கீழே ஓடும் ஆங்கில வரியை மருமகன் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தான், பாதி அவனுடைய சொந்தச் சரக்கு.

இந்தப் படத்துக்கு வளவில் புதிதாக ஒரு ரசிகர் சேர்ந்தார், பக்கத்து வளவு அண்ணன், ஆழ்கடலுக்குப் போகிறவர். சத்தத்துக்கு முறைப்பாடு சொல்லத்தான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர். திரையில் அப்போது கடல். ஆழத்து மீன்கள் வயிறு ஊதி, உள்ளுறுப்பு வாய்க்கு வெளியே வந்து மிதந்துகொண்டிருந்தன, கொட்சில்லா வருவதற்கு அதுதான் அடையாளம். "அது சரிதான்" என்றார் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ஆழத்து மீனக் கெதியா மேல இழுத்தா அப்படித்தான் வரும். காத்துப் பை ஊதிரும்." பிறகு மதிலைத் தாண்டி வந்து கதிரையில் இருந்துவிட்டார். யுத்தம் முடிந்த ஜப்பானில் கடலில் கிடக்கும் கண்ணிகளை அகற்ற ஒரு சின்ன மரப் படகில் நாலு பேர் போகிறார்கள். ஏன் மரப் படகு என்று மருமகன் கேட்டான். அது காந்தக் கண்ணி, இரும்பு கிட்ட வந்தால்தான் வெடிக்கும், மரத்துக்கு வெடிக்காது. அந்தப் படகைக் கொட்சில்லா துரத்தும் காட்சிதான் ட்ரெய்லரிலும் எல்லோரும் பேசியது. கொட்சில்லாவின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே, படகின் பின்னால், கிட்டக் கிட்ட. பொடியன்கள் தலையைப் பார்த்தார்கள். அண்ணன் படகையே பார்த்தார். "நேரா ஓடாத, வெட்டு, வெட்டு" என்று அந்தச் சுக்கான்காரனுக்குக் கை காட்டினார். அந்தத் துரத்தலில் இயந்திரத்தின் படபடப்பும் தண்ணீருக்கு அடியில் வரும் முனகலும் இரண்டு பக்கத்தாலும் வந்தன. மூலைப் பேஸ் தன் சம்பளத்துக்கு வேலை செய்தது.

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்க, தம்பி சத்தத்தை வீட்டுக்குள் கேட்கும் அளவுக்கு இறக்கினான். இரவு பத்துக்குப் பிறகு ஒலிபெருக்கி பாவிக்கக் கூடாது என்பதுதான் பொதுவான விதி. கடைசி அரை மணி நேரத்தை எல்லோரும் கதிரைகளை டொப்புக்குக் கிட்ட இழுத்துப் போட்டுப் பார்த்தோம்.

கணக்குக்கு வருவோம். மறுநாள் மிச்சக் காசு கட்டப் போனபோது முதலாளி, எச்.டி.எம்.ஐ. கேபிளின் முனை வளைந்திருக்கிறது என்று 1,500 ரூபா கேட்டார். அது வரும்போதே ஆட்டம் கண்ட கேபிள். படம் நடுநடுவே நீலமாகிப் போனதற்கும் அதுதான் காரணம், தம்பி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுத்தான் ஓட்டினான். நான் இல்லையென்றேன், அவர் இருக்கிறது என்றார். கடைக்குள் வயர் சுற்றிக்கொண்டு நின்ற தம்பி தலையைத் தூக்காமல், "அது கலியாண வீட்டில போனது முதலாளி, நான் அண்டைக்கே சொன்னன்" என்றான். முதலாளி அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் மன்னிக்க வேண்டும் என்ற ஒரு சொல் வரவில்லை.

இந்தக் கடையில் எடுக்க நினைப்பவர்களுக்கு: சவுண்டுக்குத் தாராளமாகப் போகலாம், அந்த விலைக்கு இந்தப் பேஸ் நல்ல சாமான். புரொஜெக்டரை இங்கே எடுக்காதீர்கள், ஆன்சி லூமன் மூவாயிரமாவது போட்டிருக்கும் ஒன்றை வேறெங்காவது பிடியுங்கள். கேபிள் உங்களுடையதைக் கொண்டுபோங்கள், கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் போனில் ஒரு படம் பிடித்து வையுங்கள். ஐந்து மணிக்கு வேண்டுமென்றால் மூன்றரை என்று சொல்லுங்கள். முக்கியமாக, ஆர் வருகிறது என்று கேட்டு, மூலையில் பேஸ் வைக்கிற அந்தத் தம்பி வந்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளி, சனியில் அவனுக்குக் கலியாண வீடுகள் இருக்கும், கிழமை நாளில் கேட்டால் கிடைப்பான். மருமகன் கூட்டம் அடுத்த ட்ரெய்லருக்கு அவனை இப்போதே சொல்லி வைத்துவிட்டது, கொங் கட்சி பேஸ் இரண்டு வேண்டுமென்று நிற்கிறது. மற்றதுக்கு ஆர் காசு கொடுப்பது என்று நான் இன்னும் கேட்கவில்லை.